ஈரத்துக்குக் கழித்தது போக

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையில்
பதினோரு வருஷமாகத் தராசு என் பொறுப்பு.
விரலால் மடக்கிப் பார்த்தாலே தெரியும்
எத்தனை வெயில் கண்டது,
எவ்வளவு பொய் சொல்கிறது என்று.
ஈரத்துக்குக் கழித்துத்தான் சீட்டில் எழுதுவேன்.
"விஜிலா எழுதினா எழுதினதுதான்" என்பார்கள்.
ஆளில்லாத மத்தியானங்களில்கூட
அந்தத் தராசில் நான் ஏறியதில்லை.

இன்று நாகர்கோவிலில் ஏற்றினார்கள்.
நூற்று முப்பத்தாறு புள்ளி நாலு.
நர்ஸ் பெண் சத்தமாக வாசித்தாள்,
வராந்தாவில் யாரோ இருமினார்கள்.
கையில் கட்டும் பேர்ப்பட்டை எட்டவில்லை;
இரண்டை ஒட்டிக் கட்டினாள்.
ஒன்றில் என் பேர்,
மற்றதில் ஒன்றுமில்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார்:
இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு
மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவில் விட்டுவைப்பார்களாம்.
"மட்டியா, ஏத்தங்காயா?"
சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.
மட்டியென்றால் என் நடுவிரல்.
ஏத்தனென்றால் பிழைத்துக்கொள்ளலாம்.

வெட்டின முக்கால் எத்தனை கிராம் இருக்கும்,
அதை எங்கே கொண்டு போடுவீர்கள்,
இதைக் கேட்க வாய் வரவில்லை.

"வாயைக் கட்டினா போராதா, எதுக்கு வயித்த வெட்டணும்?"
நாத்தனார் கேட்டாள், பழம்பொரி தின்றபடி.
கட்டினேன்.
ஆறு மாசம் கொள்ளுத்தண்ணி,
விடியுமுன் கால்வாய்க் கரையில் நடை,
நாய்கள்கூடப் பழகிவிட்டன.
ஒன்பது கிலோ போனது.
பதினாலு கிலோ வந்தது.
இந்தக் கணக்கை எந்தச் சீட்டில் எழுத?

பால்வெட்டுக்காரர் தங்கையன் சொல்வார்:
"பட்டையோட நிக்கணும், தடியில கத்தி கொள்ளப்பிடாது.
கொண்டா அந்த இடம் முண்டு முண்டா வீங்கிப்போவும்."
என் ஆளுக்குக் கை எங்கே நிற்குமோ.
தையல் விட்டு உள்ளே ஒழுகினால்?
மயக்கம் தெளியாமலே போனால்?
பீரோச் சாவி அரிசிப்பானையில் என்று
அனிஷ்மாவிடம் சொல்லவில்லையே.

அவளுக்கு ஒன்பது வயசு.
இன்னும் என் வயிற்றில் தலைவைத்துத்தான் தூங்குவாள்.
"நீ ஒல்லியானா நான் எங்க படுக்க?" என்றாள்.
அதற்கு மட்டும்
டாக்டர் தந்த தாளில் பதில் இல்லை.

ஜஸ்டஸ் சார்ஜாவிலிருந்து கூப்பிட்டான்.
"உன் இஷ்டம். நான் உன்ன ஒருநாளும்
குண்டுன்னு சொன்னதுண்டா?"
சொன்னதில்லை.
போனைக் கொஞ்சம் மேலே பிடி என்பான், அவ்வளவுதான்.

உண்மையான பயத்தை இன்னும் சொல்லவில்லை.
பசியே போய்விடும் என்கிறார்கள், நல்ல சேதிபோல.
கடை பூட்டி, பிள்ளையை உறங்கவைத்து,
பத்தரை மணிக்கு அடுக்களையில் தனியாக
கிழங்கும் சாளைக்கறியும் வைத்துக்கொண்டு உட்காரும்போது
அன்றைக்கு முதல்முறையாக
என்னை ஒருவர் 'இருக்கியா' என்று கேட்பதுபோல இருக்கும்.
அது பசி இல்லை. தெரியும்.
பேர் தெரியாததை
எந்தக் கத்தி பார்த்து வெட்டும்?

பன்னிரண்டு நாளாகக் கஞ்சித்தண்ணியும் மாவுப்பாலும்.
நடுராத்திரிக்குமேல் அதுவும் கிடையாது.
வெளியே மழை ஊற்றுகிறது.
கடையில் நாளைக்குத் தராசில் அபின் நிற்பான்.
பயலுக்கு ஈரம் பார்க்கத் தெரியாது,
நனைந்த ஷீட்டையெல்லாம் அவன் தலையில் கட்டுவார்கள்.

ரெண்டேகால் மணி.
வராந்தாத் தராசில் நானாக ஏறினேன்.
நூற்று முப்பத்தாறு புள்ளி ஒன்று.
முந்நூறு கிராம் எங்கே?
அழுததில் அவ்வளவா போகும்?

"அக்கா, இந்த நேரத்துல என்ன? எறங்குங்க."
"சத்தம் போடாத கொச்சு.
நம்பர் நிக்கட்டும்."

நிற்கவில்லை.
ஒன்று, இரண்டு, ஒன்று என்று துடித்துக்கொண்டிருந்தது.
கால் நடுங்குவதை
அவளும் பார்த்துவிட்டாள்.
பக்கத்தில் வந்து
என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.
அவள் கையின் கனமும் அதில் ஏறியது.